ஈர்க்கு வைத்த பக்கம்

தென்னோலை ஈர்க்கு ஒன்றைப் பையிலிருந்து எடுப்பார். பெருவிரல் நகத்தால் இரண்டு பக்கமும் வழித்து, ஒட்டியிருக்கும் ஓலைத் தும்பை ஊதிவிடுவார். பிறகு மூன்று விரற்கடை நீளத்துக்கு ஒடிப்பார். சடக்கென்று சத்தம் கேட்டால் அது காய்ந்த ஈர்க்கு. ஜன்னல் வழியே போய்விடும். சத்தமில்லாமல் வளைந்து முறிகிற ஈர்க்குதான் புத்தகத்துக்கு ஆகும். வாசித்து நிறுத்திய இடத்தில் அதை நேராக வைப்பார். வாசித்தது மனத்துக்கு ஒவ்வாத இடமென்றால் நடுவில் மடக்கி வைப்பார்.

“கடுதாசித் துண்டு வச்சா புஸ்தகம் அதை விழுங்கிப்போடும் மக்கா. ஈர்க்கு அப்பிடியில்ல. நின்னு குத்தும்” என்று செல்லபாயம்மாள் முதல் நாளே என்னிடம் சொன்னார்.

அவருக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கலாம். தக்கலைக்கு மேற்கே ஒரு சபையில் பைபிளம்மா வேலை. வீடு வீடாகப் போய்ப் பெண்களுக்கு வேதம் வாசித்துக் காட்டி, பாட்டுச் சொல்லிக் கொடுத்து, பிரசவமென்றால் துணையிருந்து, சாவு விழுந்தால் கூட உட்கார்ந்துவிட்டு வருகிற வேலை. வெள்ளைச் சேலை, முழங்கைக்குக் கீழே இறங்கிய சட்டை, ஒரு கம்பி ஒடிந்த குடை. புதன், சனி இரண்டு நாளும் நாலு மணிக்கு, நான் பொறுப்பிலிருக்கும் வாசகசாலைக்கு வருவார்.

வாசகசாலை தக்கலையில் பொன்னுலிங்கத்தின் பலசரக்குக் கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது. திருவனந்தபுரம் பஸ் மணிக்கொரு தரம் கீழே போகும்போது ஜன்னல் கண்ணாடி அதிரும். மாடிப்படி பதினான்கு. எட்டாவது படியில் ஒருவர் நின்று மூச்சு வாங்கும் சத்தம் கேட்டால் நான் கையிலிருக்கும் பத்திரிகையை ரிஜிஸ்டருக்கு அடியில் செருகிவிடுவேன். வசன கவிதை வருகிற பத்திரிகை. ஒருமுறை அதையும் எடுத்துப் பார்த்துவிட்டார்.

“எல்லா வரியையும் பாதியில விட்டுட்டுப் போயிருக்கானே. அவனுக்கு வேற சோலி வந்துட்டா?”

அவர் ஒரு முழுப் பாட்டையும் வாசித்துவிட்டு, “செரி, மீதியை நாம நினைச்சுக்கிடணும் போல” என்று சொல்லித் திருப்பித் தந்தார்.

அவர் வாசிப்பது ஒரே புத்தகம். மலையாளத்தில் தடித்த நீதி சாஸ்திரப் பாடநூல். அட்டையும் முதல் பதினாறு பக்கமும் போய்விட்டதால் பெயர் யாருக்கும் தெரியாது. இறந்துபோன ஒரு வக்கீலின் புத்தகப் பெட்டியோடு வந்து சேர்ந்தது. உள்ளே கேள்விகள் இருக்கின்றன. ஒவ்வொரு கேள்விக்கும் இரண்டு கட்சிக்காரர்களின் வாதமும் இருக்கிறது. நல்லது என்பதால் தெய்வம் அதை விரும்புகிறதா, தெய்வம் விரும்புவதால்தான் அது நல்லதாகிறதா? ஒருவர் செய்த பிழைக்கு இன்னொருவரைத் தண்டிப்பது நீதியா? உண்மையை மறைப்பதும் பொய் சொல்வதும் ஒன்றா? இப்படி நாற்பத்திரண்டு.

அவர் படிக்கிற முறையே தனி. ஒரு கேள்வியை வாசிப்பார். ஈர்க்கு வைப்பார். படியிறங்கிப் போய் எதிர்ப்படும் முதல் மூன்று பேரிடம் அதைக் கேட்பார். பஸ் கண்டக்டராக இருக்கலாம், மீன்காரியாக இருக்கலாம், கச்சேரிக்கு வழக்குக்காக வந்தவராக இருக்கலாம். கேள்வியைப் புத்தகத்தில் இருக்கிறபடி கேட்கமாட்டார். அவரிடம் எல்லாக் கேள்வியும் கடைசியில் ஒரே கேள்வியாகத்தான் வந்து நிற்கும்.

“பொன்னுலிங்கம், ஒண்ணு வேணும்.”

“உப்பா, கேள்வியா?”

“ரெண்டும்.”

பொன்னுலிங்கம் அய்யாவைக் கும்பிடுகிற அய்யாவழிக்காரர். நெற்றியில் வெள்ளை நாமம், தலையில் கட்டு. உப்பை நிறுத்தபடியே காதைக் கொடுத்தார்.

“ஒருத்தி தெய்வத்துக்குன்னு மாத்தி வச்ச அரிசியை எடுத்துக் கஞ்சி வச்சா. அதுக்காவ அந்தத் தெய்வம் அவ பிள்ளையை எடுக்குமா?”

“தெய்வத்துக்கு என்ன, வயிறா இருக்கு? எங்க நிழல்தாங்கல் கோயில்ல கஞ்சி வச்சா முதல்ல பசிச்சவனுக்குத்தான் ஊத்துவோம்.”

“உங்க அய்யா அப்பிடிச் செய்யமாட்டாரு?”

“மாட்டாரு.”

“செய்யமாட்டாருன்னு உனக்கு எப்பிடித் தெரியும்?”

தராசில் இன்னும் கொஞ்சம் உப்பு விழுந்தது. “செஞ்சா பொறவு அவரு அய்யா இல்லல்லா” என்றார் பொன்னுலிங்கம்.

உப்பைக் கடையிலேயே வைத்துவிட்டு மறுபடியும் பதினான்கு படி ஏறி வந்தார் செல்லபாயம்மாள். எட்டாவதில் நிற்கவில்லை. “புஸ்தகத்துக்காரன் எட்டுப் பக்கத்துக்கு எழுதினதை அவன் உப்பு நிறுத்துக்கிட்டே சொல்லிப்போட்டான்” என்று மூச்சிரைக்கச் சொல்லி, ஒரு மடக்கிய ஈர்க்கை எடுத்து நிமிர்த்தி வைத்தார்.

எல்லாரிடமும் அப்படிக் கிடைத்துவிடாது. சபையின் டீக்கன் யேசுரத்தினம் ஜவுளிக்கடைக்காரர். மலையாள ராஜ்யத்தோடு இருக்கும் நம் தமிழ்த் தாலூகாக்கள் கடைசியில் எந்த ராஜ்யத்தோடு சேரும் என்று பார்ப்பதற்காகத் தினமும் வந்து பத்திரிகையை ஓர் எழுத்து விடாமல் வாசிப்பவர். அவரிடமும் கேட்டார்.

“கடவுள் செய்தா அது நீதிதான் பைபிளம்மா. அதைக் கேக்க நாம யாரு?”

“அப்பம் நீதின்னா என்னன்னு நமக்குத் தெரியாதுன்னு ஆவுது. தெரியாத ஒண்ணை அவரு செஞ்சாருன்னு நீரு எப்பிடி டீக்கனாரே சொல்லுதீரு?”

“உமக்குச் சபையில சம்பளம் தாறது கேள்வி கேக்கவா, பதில் சொல்லவா?”

“பதில் சொல்லத்தான். அதான் தேடுதேன்.”

டீக்கன் பத்திரிகையை உயர்த்திப் பிடித்துக்கொண்டார். அதற்குப் பிறகு முகம் தெரியவில்லை.

இந்த ஒரு கேள்வி எங்கிருந்து வந்தது என்பதை அவர் ஒரே மூச்சில் சொன்னதில்லை. நாலைந்து மாதங்களில் துண்டு துண்டாகச் சொன்னதைச் சேர்த்து வைத்திருக்கிறேன்.

அந்தச் சபைகளில் பிடியரிசி என்று ஒரு வழக்கம் உண்டு. உலையில் அரிசி போடும்போதெல்லாம் ஒரு பிடி எடுத்துத் தனிக் கலத்தில் போட்டுவிட வேண்டும். அது கடவுளின் பங்கு. வாரத்துக்கு ஒருநாள் பைபிளம்மா வந்து வாங்கிக்கொண்டு போவார். அந்த அரிசியைக் கொண்டுதான் சபையில் பல காரியங்களும் நடக்கின்றன. செல்லபாயம்மாளின் சம்பளமும் அதில் ஒன்று. வீட்டுப் பெண்கள் பிடியை மறந்துவிடாதிருக்க ஒரு கதையும் உண்டு. ஒருத்தி பிடியரிசிக் கலத்திலிருந்து எடுத்து விருந்தாளிக்குச் சோறாக்கிப் போட்டாள். ஏழாம் நாள் அவளுடைய செவலைப் பசு செத்தது. பதினாலாம் நாள் கிணறு வற்றியது. இருபத்தொன்றாம் நாள் மடியில் கிடந்த பிள்ளை போயிற்று. இந்தக் கதையைச் செல்லபாயம்மாள் பத்தொன்பது வருஷமாக வீடுதோறும் சொல்லி வந்தார். நன்றாகச் சொல்லுவாராம். பசு சாகிற இடத்தில் பெண்கள் ‘உச்’ கொட்டுவார்களாம்.

நேசம்மாள் அந்தச் சபையில் ஒருத்தி. முப்பது வயது. கயிறு திரிக்கிறவள். கணவன் கொழும்பில் கடைச் சிப்பந்தி. எலிசா என்று நாலு வயதில் ஒரே மகள். போன ஐப்பசி மழையில் எலிசாவுக்குக் காய்ச்சல் கண்டது. மரச்சீனிக் கிழங்கைத் தவிர வீட்டில் ஒன்றுமில்லை. ரேஷன் அரிசி வர இன்னும் நாலு நாள். பிள்ளைக்குக் கிழங்கு இறங்கவில்லை, கஞ்சி வேண்டும். நேசம்மாள் பிடியரிசிக் கலத்திலிருந்து எடுத்து மூன்று நாள் கஞ்சி வைத்துக் கொடுத்தாள். ஆறாம் நாள் எலிசா இறந்துபோனாள்.

அடக்கம் முடிந்து மூன்றாம் நாள் செல்லபாயம்மாள் அங்கே போயிருக்கிறார். அழுது முடித்து, மெதுவாகத்தான் கேட்டாளாம் நேசம்மாள்.

“அம்மா, நீங்க சொன்ன கதையில அவளுக்கு இருபத்தொரு நாள் உண்டு. எனக்கு ஆறே நாள். எனக்க பாவம் அதைவிடப் பெருசா?”

அடுத்த புதன்கிழமை செல்லபாயம்மாள் முதன்முறையாக எங்கள் மாடிப்படி ஏறினார்.

நேசம்மாள் அதற்குப் பிறகு சோறு உண்பதை விட்டுவிட்டாள். ரேஷனில் வருகிற அரிசியெல்லாம் கலத்துக்குள் போயிற்று. கிழங்கும் கடுங்காப்பியும்தான் அவளுக்கு. மற்ற வீடுகளில் ஒரு நாழி அரிசி தேறாத வாரங்களில் அவள் கலத்தில் மூன்று நாழி இருக்கும். “இப்பிடி ஒரு விசுவாசியை நான் பாத்ததில்ல” என்று டீக்கன் என் எதிரிலேயே சொன்னார். செல்லபாயம்மாள் அப்போது ஈர்க்கை வழித்துக்கொண்டிருந்தார். நகம் சறுக்கி விரலில் கீறியது.

புத்தகத்தில் கண்டதையெல்லாம் அவர் நேசம்மாளிடம் கொண்டுபோய்ப் பார்த்தார். தாயின் பிழைக்குப் பிள்ளையைத் தண்டிப்பது நீதியாகாது என்று ஒரு கட்சி சொல்வதைச் சொன்னார். பொன்னுலிங்கம் சொன்னதையும் சொன்னார். நேசம்மாள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “இதெல்லாம் படிச்சவங்களுக்கு அம்மா. எனக்குக் கதைதான் மனப்பாடம்” என்றாளாம்.

“கதை உண்மையில்லை என்று சொல்லிவிடுங்களேன்” என்றேன். நான் அவரிடம் வாயைத் திறந்து யோசனை சொன்னது அந்த ஒரு தடவைதான்.

“சொல்லாம இருப்பேனா? ‘எனக்க மனசு ஆறதுக்குச் சொல்லுதீங்க’ன்னுட்டா.” பையில் ஈர்க்கைத் தேடினார். “நாக்கால போட்டது மக்கா. நாக்கால எடுக்க முடியல்ல.”

மாசி மாதம் ஒரு புதன்கிழமை தாமதமாக வந்தார். அன்றும் எட்டாவது படியில் மூச்சு வாங்கும் சத்தம் கேட்கவில்லை. பத்திரிகையை ஒளிக்க எனக்கு நேரமில்லாமல் போயிற்று. அவரும் அதைப் பார்க்கவில்லை. புத்தகத்தை எடுத்துக்கொண்டு வழக்கமான இடத்தில் உட்கார்ந்தார். ஈர்க்கை எடுக்கவில்லை.

“மக்கா, மறைச்சு வைக்கதும் பொய் சொல்லுததும் ஒண்ணா? புஸ்தகத்துக்காரன் என்ன சொல்லுதான்?”

“இரண்டு கட்சியும் இருக்கிறது” என்றேன்.

“நீ எந்தக் கட்சி?”

நான் ரிஜிஸ்டரைத் திருப்பினேன். அவர் பக்கத்தைத் தேடி எடுத்து, வாசிக்காமல், புத்தகத்தை மடியில் விரித்து வைத்துக்கொண்டு இருந்தார். இரண்டு திருவனந்தபுரம் பஸ் போயிற்று. பிறகு மூடித் தாமே அலமாரியில் வைத்தார். “இனி கொஞ்ச நாள் கழிஞ்சுதான் வருவேன்” என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

வெள்ளிக்கிழமை விடியற்காலை முதல் பஸ்ஸில் அவர் திருவனந்தபுரம் போனதாகப் பொன்னுலிங்கம் சொன்னார். அங்கே ஓர் அச்சாபீசில் அவருடைய மகன் ஜெயசிங் எழுத்துக் கோர்க்கிறான். ஒரே மகன். அறுப்பின் பண்டிகைக்கு இரண்டு வாரம் இருக்கும்போது பைபிளம்மா இல்லாமல் போனதில் டீக்கனுக்குக் கோபம்.

பண்டிகைக்கு முந்தின நாள் மாலை மகனோடு திரும்பி வந்தார்.

கும்பப்பூ அறுவடைக்குப் பிறகு வருகிற அந்தப் பண்டிகையில் சபையார் நெல்லும் வாழைக்குலையும் பலாச்சக்கையும் கோழியும் காணிக்கையாகக் கொண்டுவருவார்கள். ஆராதனை முடிந்ததும் முற்றத்தில் ஏலம் நடக்கும். ஏலத்துக்கு எல்லா மதத்தாரும் வருவார்கள். பொன்னுலிங்கம் வருஷந்தோறும் தேங்காய் எடுக்கப் போவார். இந்தத் தடவை நானும் கூடப் போனேன். ஏலம் தொடங்குமுன் பைபிளம்மா நின்று பிடியரிசிக் கதையைச் சொல்ல வேண்டும். அது பத்தொன்பது வருஷத்து ஏற்பாடு.

செல்லபாயம்மாள் வந்து நின்றார். குரலை உயர்த்தவில்லை.

“இந்தக் கதை உங்க எல்லாருக்கும் தெரியும். சொல்லித்தந்தது நான். அந்த வீடு எந்த ஊருல உண்டுன்னு எனக்குத் தெரியாது. எனக்கு முன்ன இருந்த பைபிளம்மா சொன்னா. அவளும் பாத்ததில்ல. அந்தப் பசுவுக்குச் செவலை நெறம் போட்டது நான். வெறும் பசுன்னா கேக்க நல்லா இருக்காதுன்னு போட்டேன். அரிசி குடுக்கியவங்க குடுங்க. பயந்து குடுக்காதீங்க.”

போய் உட்கார்ந்துவிட்டார். டீக்கன் யேசுரத்தினம் சட்டென்று ஒரு சக்கையைத் தூக்கிக்கொண்டு, “ஒரு சக்கை, முள் பரந்த சக்கை, யாரு கேக்குதா?” என்று வழக்கத்தைவிட உரக்க ஏலத்தைத் தொடங்கினார். அந்தச் சக்கை இரண்டு மடங்கு விலைக்குப் போயிற்று.

ஏலம் முடிந்ததும் அவர் செல்லபாயம்மாளிடம் வந்தார். “உம்ம சம்பளத்தையும் சேத்துல்லா ஏலம் போட்டுட்டீரு பைபிளம்மா.”

“நல்ல விலைக்குப் போச்சா டீக்கனாரே?”

டீக்கனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை மறைக்கக் கணக்குப்பிள்ளையைத் திட்டினார்.

ஜெயசிங் மெலிந்திருந்தான். சட்டை தோளில் தொங்கியது. “ஓட்டல் சாப்பாடு. வேற என்ன?” என்றார் பொன்னுலிங்கம். செல்லபாயம்மாள் ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. நேசம்மாள் ஆராதனை முழுவதும் பாட்டுப் புத்தகத்தைப் பார்க்காமல் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கிட்டே வந்து, “சொகந்தானா மக்கா?” என்று கேட்டாள்.

“சொகந்தான் சித்தி” என்றான்.

செல்லபாயம்மாள் அவன் கழுத்துப் பொத்தானைப் போட்டுவிட்டார். சபையார் எல்லாரும் பந்தியில் உட்கார்ந்தபோது நேசம்மாளும் உட்கார்ந்தாள். இலையில் விழுந்த சோற்றைக் கொஞ்ச நேரம் விரலால் பரப்பிக்கொண்டிருந்தாள். பிறகு உண்டாள். இரண்டாம் தரமும் வாங்கினாள்.

அதன் காரணத்தை ஒரு மாதம் கழித்து, எங்கள் வீட்டுக் கிணற்றுக்குக் கயிறு கொண்டுவந்தபோது அவளே என் அக்காவிடம் சொன்னாள். நான் உள்ளறையிலிருந்து கேட்டேன்.

“மாசியில ஒரு வியாழக்கிழமை மத்தியானம் பைபிளம்மா வந்தா அக்கா. எனக்க கலத்தைத் திறந்து ரெண்டு பிடி எடுத்து உலையில போட்டா. ‘அம்மா, அது கடவுளுக்க அரிசி’ன்னு கையைப் பிடிச்சேன். ‘ஆமா, அதனாலதான் ஆக்குதேன்’ன்னா. ‘உனக்கு ஒரு பிள்ளை இருந்துது. எனக்கும் ஒண்ணு உண்டு. இந்த அரிசிக்காவ பிள்ளையை எடுக்கிற கடவுள்னா, அறுப்பின் பண்டிகைக்குள்ள எனக்கதையும் எடுக்கட்டும். எடுக்கல்லேன்னா நீ ரெண்டு நேரம் சோறு உண்ணணும்’ன்னா. வேண்டாம் வேண்டாம்னு அழுதேன். அவ இருந்து உண்டா. ஒரு பருக்கை விடல்ல.”

“உள்ளதா?” என்றாள் அக்கா.

“உள்ளதுதான். ஆனா பாவம், அவளுக்கும் உள்ளுக்குள்ள பயம் வந்திருக்கும் போல. மறுநாள் விடியக்காலம் பையனைப் பாக்க ஓடிட்டா.” இதைச் சொல்லும்போது நேசம்மாள் லேசாகச் சிரித்தாள். கன்னத்தில் கொஞ்சம் சதை பிடித்திருந்தது.

சபைக் கமிட்டி கூடி, பெண்கள் கூட்டத்தில் செல்லபாயம்மாள் ஒரு வருஷம் பேசக்கூடாது என்று தீர்மானித்தது. பிடியரிசி முதலில் பாதியாகக் குறைந்து, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. பழைய அளவுக்கு வரவில்லை. அவர் இப்போதும் புதன், சனியில் வருகிறார். இப்போது வாசிப்பது முப்பத்தொன்றாவது கேள்வி. எட்டாவது படியில் நிற்கிறார்.

மழைக்கு முன்னால் புத்தகங்களையெல்லாம் வெயிலில் போட்டுத் தட்டுவது வழக்கம். சித்திரைக் கடைசியில் அந்த மலையாளப் புத்தகத்தைத் தட்டியபோது ஈர்க்குகள் உதிர்ந்தன. உண்மையை மறைப்பதும் பொய் சொல்வதும் ஒன்றா என்று கேட்கிற பக்கத்தில் ஈர்க்கு இல்லை. ஒரு தபால் கார்டு இருந்தது. திருவனந்தபுரத்து அச்சாபீஸ்காரர் ஒருவர் எழுதியது. ஜெயசிங்குக்கு நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் முற்றிவிட்டது, ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம், நினைவு இல்லை, டாக்டர் நிச்சயமாக ஒன்றும் சொல்லவில்லை, கண்டதும் புறப்பட்டு வரவும் என்றிருந்தது. தக்கலைத் தபாலாபீஸின் முத்திரை தெளிவாக விழுந்திருந்தது. 1952 பிப்ரவரி 20. “நீ எந்தக் கட்சி?” என்று செல்லபாயம்மாள் என்னைக் கேட்ட புதன்கிழமை. நேசம்மாள் வீட்டில் உலை வைத்ததற்கு முந்தின நாள்.